வேட்பாளரைக் கடைக்கு அழைக்கும் சிறு வணிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் 2025 பொதுத்தேர்தலில் வேட்புமனுத் தாக்கல் ஏப்ரல் 23ஆம் தேதியும் வாக்களிப்பு மே 3ஆம் தேதியும் நடந்தன. இடையில் பிரசாரத்துக்குக் கிடைத்தவை ஒன்பது நாள்களே. அந்தக் குறுகிய காலத்தில் தேக்கா, சிராங்கூன் ரோடு வட்டாரத்திலும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகப் (வீவக) பேட்டைகளிலும் கடை வைத்திருக்கும் இளம் வணிகர்கள் பலர், வேட்பாளர்களைத் தங்கள் கடைக்கு அழைத்து வாடிக்கையாளர்களோடும் சக வணிகர்களோடும் பேச வைக்க விரும்பினார்கள். விருப்பம் நல்லதுதான். ஆனால் இத்தகைய சந்திப்புகளை நெடுங்காலமாக ஏற்பாடு செய்துவரும் எங்களைப் போன்றவர்கள் தொடக்கத்தில் செய்த பிழைகளையே அவர்களும் செய்வதைப் பார்க்கும்போது, எழுதி வைத்தால் யாருக்காவது உதவும் என்று தோன்றுகிறது. ஒலிபெருக்கி வேலை செய்கிறதா, நாற்காலிகள் போதுமா என்பவற்றை நான் சொல்லத் தேவையில்லை. கடை நடத்தத் தெரிந்தவருக்கு அவை தெரியும்.

விருந்தையும் தேர்தலையும் கலப்பது

எனக்கு இன்றுவரை ஆறாத எரிச்சலைத் தருவது இந்தத் தவறுதான். இதைச் செய்பவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை என்பதால் எரிச்சல் இன்னும் கூடுகிறது.

வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பக்கூடாது என்பது நம் வளர்ப்பு. கடைக்கு ஒரு வேட்பாளர் வருகிறார், நூறு பேர் கூடுகிறார்கள் என்றால், நம் கை தானாகவே பிரியாணி அண்டாவைத் தேடிப் போகும். ஆனால் நாடாளுமன்றத் தேர்தல் சட்டம் உணவையும் பானத்தையும் வேறு கண்ணோடு பார்க்கிறது. வாக்காளரின் முடிவைத் தகாத வழியில் மாற்றும் நோக்கத்தோடு தேர்தலுக்கு முன்போ, தேர்தலின்போதோ, அதற்குப் பின்போ உணவோ பானமோ வழங்குவது ஊழல் குற்றம். கொடுப்பவரோடு, அதே நோக்கம் அறிந்து வாங்குபவரும் சட்டத்தின் பிடிக்குள் வருவார். வேட்பாளரின் அறிவோடோ அவருடைய முகவர் மூலமாகவோ இத்தகைய குற்றம் நடந்தது என்று நிறுவப்பட்டால், அவர் பெற்ற வெற்றியே செல்லாது என்று தீர்ப்பாகக்கூடும். ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்தவரையெல்லாம் சட்டம் குற்றவாளியாக்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. கேள்வி நோக்கத்தைப் பற்றியது. உங்கள் நோக்கம் தூய்மையானது என்பதைப் பிறருக்கு விளக்க வேண்டிய நிலைக்கு நீங்களாகப் போய் நிற்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

நான் நேரில் கண்ட ஒரு மாலை இது. உணவுக்கடை வைத்திருந்த ஒருவர், வேட்பாளரின் பெயரையும் “இலவச பிரியாணி” என்பதையும் ஒரே பதாகையில் அச்சடித்து வாசலில் கட்டிவிட்டார். கடைக்குள் அண்டாக்கள் தயாராக இருந்தன. ஓரத்தில் காகிதத் தட்டுகளும் சிறு கிண்ணங்களில் தயிர்ப் பச்சடியும் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. நிகழ்ச்சி தொடங்கச் சிறிது நேரம் இருக்கையில் வேட்பாளரின் தேர்தல் முகவர் முதலில் வந்தார். பதாகையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. “அண்ணே, இந்தச் சாப்பாட்டுக்கு யார் காசு கொடுக்கிறாங்க?” என்று கேட்டார். கடைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. “என்ன தம்பி, நம்ம இடத்துக்கு வர்றவங்களுக்குச் சோறு போடறதுக்குக் கணக்கா கேக்கறீங்க?” என்றார்.

கணக்குத்தான் கேட்க வேண்டும். வேட்பாளரின் வெற்றிக்காகச் செய்யப்படும் செலவு அவருடைய தேர்தல் செலவுக் கணக்கில் வந்து சேரும். அந்தச் செலவு தேர்தல் முகவர் வழியாகவே நடக்க வேண்டும். அதற்கு உச்சவரம்பும் உண்டு. ஓர் உறுப்பினரை மட்டும் தேர்ந்தெடுக்கும் தனித்தொகுதியில் வாக்காளர் ஒருவருக்கு இவ்வளவு என்று அது கணக்கிடப்படுகிறது. 2025இல் அந்தத் தொகை 5 வெள்ளி. தேர்தல் முடிந்தபின் எல்லாச் செலவுக்கும் அறிக்கை தர வேண்டிய பொறுப்புள்ள ஒருவரிடம், அவருக்கே தெரியாத ஒரு விருந்தின் செலவைத் தலையில் கட்டினால் அவர் என்ன செய்வார்?

அன்று நடந்ததும் அதுதான். வேட்பாளர் காரைவிட்டு இறங்கி, வாசலில் நின்று கைகூப்பி வணக்கம் சொல்லிவிட்டு, உள்ளே வராமலேயே அடுத்த புளோக்குக்குப் போய்விட்டார். வந்திருந்த முதியவர்கள் தங்களை அவமதித்துவிட்டதாக எண்ணினார்கள். கடைக்காரருக்குப் பணம் நட்டம். இவற்றையெல்லாம்விட என்னை வருத்தியது வேறொன்று. பக்கத்துக் கடைக்காரர்கள் நால்வர் வாடகையைப் பற்றியும் ஆள் பற்றாக்குறையைப் பற்றியும் கேட்பதற்குத் தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். அந்தத் தாள்கள் அவர்கள் சட்டைப்பையிலிருந்து வெளியே வரவே இல்லை. சோற்றைப் பற்றிய சச்சரவில், கூட்டம் எதற்காகக் கூடியதோ அது காணாமல் போயிற்று.

ஆகவே என் வழக்கம் இது: அழைப்பிலும் பதாகையிலும் உணவைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கக்கூடாது. கடை எப்போதும்போல் திறந்திருக்கட்டும். தே தாரிக் வேண்டியவர் வழக்கமான விலை கொடுத்து வாங்கிக் குடிக்கட்டும். வேறு எது கொடுப்பதானாலும், அதைப் பற்றித் தேர்தல் முகவரிடம் முன்னதாகவே பேசி, அவருடைய ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முகவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

“நம்ம இடம்தானே” என்று விட்டுவிடுவது

கடையின் மேல்மாடியையோ நிகழ்ச்சி அறையையோ இலவசமாகவோ வழக்கமான கட்டணத்துக்குக் குறைவாகவோ கொடுத்தால், கையில் காசு மாறாவிட்டாலும் அது அரசியல் நன்கொடையாகக் கருதப்படலாம். 2023 டிசம்பர் இறுதியிலிருந்து இந்த விதிகள் வெளிநாட்டுத் தலையீட்டுக்கு எதிரான சட்டத்தின்கீழ் வந்துவிட்டன. நன்கொடை தரும் தனிநபர் 21 வயது நிறைந்த சிங்கப்பூர்க் குடிமகனாக இருக்க வேண்டும். நிறுவனமானால், அது சிங்கப்பூரர்களின் கட்டுப்பாட்டில் இருந்து, முற்றிலுமாகவோ பெரும்பாலுமோ இங்கேயே தொழில் செய்ய வேண்டும். நம் கடைகளில் பங்காளிகளாக ஊரில் உள்ள மைத்துனரும் இங்குள்ள நிரந்தரவாசியும் இருப்பது சாதாரணம். அதனால் இடம் தருவதற்கு முன் நிறுவனப் பதிவை எடுத்துப் பாருங்கள். வழக்கமான வாடகையை வாங்கி ரசீது கொடுத்துவிடுவது எல்லாவற்றிலும் சுலபம்.

வேலை அனுமதிப் பணியாளர்களை ஈடுபடுத்துவது

தேர்தல் நடவடிக்கைகளில் குடிமக்கள் அல்லாதவர்கள் ஈடுபடக் கூடாது. முதலாளி சொன்னார் என்பதற்காகக் கட்சிச் சட்டை அணிந்து துண்டுப்பிரசுரம் கொடுக்கும் தமிழ்நாட்டுத் தம்பிக்கு, அதனால் என்ன வரும் என்பது தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர் நீங்கள். தன் வேலை அனுமதியை நம்பிக் குடும்பத்தையே தாங்கிக்கொண்டிருப்பவரை இப்படி ஓர் ஆபத்தில் நிறுத்துவதை என்னால் மன்னிக்க முடியாது. அந்த நேரத்தில் அவர் சமையலறையில் தம் வேலையைப் பார்க்கட்டும். கட்சிக் கொடியோடு எடுக்கும் படங்களிலும் அவர் இடம்பெற வேண்டாம்.

கடை வாசலில் மேசை போடுவது

காவல்துறையின் அனுமதியும் இடத்துக்குப் பொறுப்பானவர்களின் அனுமதியும் தேவைப்படுமா என்று கேட்டறியாமல் வேண்டாம்.

வாடிக்கையாளர் எண்களுக்கு அழைப்பு அனுப்புவது

தீபாவளிச் சலுகையைத் தெரிவிக்க வாங்கிய கைப்பேசி எண்ணுக்கு அரசியல் சந்திப்பின் அழைப்பை அனுப்பாதீர்கள். எண்ணைக் கொடுத்தவர் அதற்குச் சம்மதிக்கவில்லை. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தைத்தான் கேட்கிறது.

காசு கட்டி இணையத்தில் பரப்புவது

வேட்பாளர் தரப்பின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் கூடாது.

பிரசார ஓய்வு நாளில் காணொளி போடுவது

வாக்களிப்புக்கு முந்தைய நாளில் புதிதாக எதையும் பதிவேற்றாதீர்கள்.

கேள்வி இல்லாமல் கூடுவது

படம் எடுத்து, மாலை போட்டு, கைகுலுக்கிக் கலைந்தால் வேட்பாளருக்குப் பயன் உண்டு. உங்களுக்கு எதுவும் இல்லை. இரண்டு மூன்று கேள்விகளை முன்கூட்டியே சக வணிகர்களோடு பேசி முடிவு செய்யுங்கள். “வியாபாரம் கஷ்டமாக இருக்கிறது, ஏதாவது செய்யுங்கள்” என்று கேட்டால் “பார்க்கிறோம்” என்ற பதில்தான் வரும். கேள்வி குறிப்பாக இருக்க வேண்டும். சில்லறைக் கடை வாடகை ஒப்பந்தங்களுக்கான சட்டம் 2024 பிப்ரவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அது வந்தபின்னும் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது வாடகை தாவுகிறதே, அதற்கு உங்கள் நிலைப்பாடு என்ன என்று கேளுங்கள். இந்திய உணவகங்கள் 2023 செப்டம்பர் முதல் இந்தியாவிலிருந்து சமையற்காரர்களை வேலை அனுமதியில் எடுக்க முடிகிறது. அவர்களுக்குக் குறைந்தது 2,000 வெள்ளி சம்பளம் என்ற நிபந்தனையும் மொத்த ஊழியர்களில் 8 விழுக்காடு என்ற வரம்பும் ஐந்தாறு பேர் வேலை செய்யும் கடைக்கு எப்படிப் பொருந்தும் என்று கேளுங்கள். பொருள் சேவை வரி 9 விழுக்காடான பிறகு உங்கள் விற்பனை எப்படி மாறியது என்பதை உங்கள் கணக்குப் புத்தகத்திலிருந்தே சொல்லுங்கள்.

கூட்டத்தில் ஒருவர் கேள்விகளையும் பதில்களையும் எழுதிக்கொள்ள வேண்டும். பதில் வராத கேள்விகளை வேட்பாளரின் உதவியாளரிடம் அன்றே எழுத்தில் கொடுத்து, எப்போது பதில் கிடைக்கும் என்று அவர் சொல்லும் தேதியை அதன் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வேட்பாளர் வென்றால், அதே தாளோடு அவருடைய மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குப் போகலாம்.