பினாங்கு – கோலாலம்பூர்: வான்வழித் தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் கணக்கிடுவது எப்படி

கோலாலம்பூரிலிருந்து பினாங்கு எவ்வளவு தூரம் என்று தேடினால் பெரும்பாலும் நெடுஞ்சாலைக் கணக்குதான் வரும், ஏறத்தாழ 350 கிலோமீட்டர். விமானத்துக்கு அது உதவாது. எந்த நிலையத்திலிருந்து கிளம்புகிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள். சிப்பாங்கில் உள்ள கே.எல்.ஐ.ஏ.வுக்கு (கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம்) டிக்கெட்டில் வரும் குறியீடு கே.யூ.எல்., சுபாங் விமான நிலையத்துக்கு எஸ்.இசட்.பி. பினாங்கில் பாயான் லெப்பாஸ் விமான நிலையம் ஒன்றுதான்.

கைப்பேசி வரைபடத்தில் ஓடுபாதையை அழுத்திப் பிடித்தால் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் வரும். கே.எல்.ஐ.ஏ.: 2.75, 101.71. பாயான் லெப்பாஸ்: 5.30, 100.28. அட்சரேகை வித்தியாசம் 2.55, அதை 60ஆல் பெருக்கினால் 153 கடல்மைல். தீர்க்கரேகை வித்தியாசம் 1.43, அதற்கு 86. இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள்: 175 கடல்மைல். 1.852ஆல் பெருக்கினால் 325 கிலோமீட்டர். சுபாங்கிலிருந்து இதே கணக்கு 280க்குள் அடங்கும். நாம் பூமத்தியரேகைக்கு அருகில் இருப்பதால்தான் இவ்வளவு எளிதாக முடிகிறது. வடக்கே லண்டன் வரை போனால் தீர்க்கரேகைகள் நெருங்கிவிடும், விடை தப்பும்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 2 பாகை (டிகிரி) 45 கலை (பாகையில் 60இல் ஒரு பங்கு) என்று எழுதியிருப்பதை 2.45 என்று எடுத்துக்கொள்வார்கள். 45ஐ 60ஆல் வகுக்க வேண்டும்; 2.75 என்பதே சரி. இதைக் கவனிக்காவிட்டால் வடக்கு–தெற்குத் தூரத்தில் 33 கிலோமீட்டர் கூடிவிடும்.

நேரத்துக்கு 325ஐ ஜெட் வேகத்தால் வகுத்தால் 25 நிமிடம்கூட வராது. அதை நம்பவேண்டாம். 10,000 அடிக்குக் கீழே வேகம் பொதுவாக மணிக்கு 250 கடல்மைலுக்குள் இருக்கும். இறங்கும்போது ஒவ்வோர் 1,000 அடிக்கும் சுமார் 3 கடல்மைல் தேவை. 27,000 அடியிலிருந்து இறங்க 80 கடல்மைலுக்கு மேல் போய்விடும். ஆகவே பாதித் தூரம் கடந்த சற்று நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடுவார்கள். சீரான உயரத்தில் பறப்பது சில நிமிடங்கள்தான். தூரத்தை 800ஆல் வகுத்து அரை மணி சேருங்கள்: சுமார் 55 நிமிடம். டிக்கெட்டில் ஒரு மணி, அதற்குச் சற்று மேலும் இருக்கும். காரணம், அது விமானம் நிறுத்துமிடத்தைவிட்டு நகர்ந்தது முதல் மறுமுனையில் வந்து நிற்கும் வரையிலான நேரம். விசிறி விமானமான ஏடிஆர் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் போகும். சுபாங் தூரம் குறைவு என்பதால் அதுவும் ஏறத்தாழ ஒரு மணியில் சேர்ந்துவிடும்.

பினாங்கிலிருந்து இந்தோனேசியாவின் மேடான் போகிறவர்கள் கடிகாரத்தையும் பார்க்கவேண்டும். மேடான் நம்மைவிட ஒரு மணி பின்னால் இருப்பதால், கிளம்பும் நேரமும் இறங்கும் நேரமும் டிக்கெட்டில் கிட்டத்தட்ட ஒன்றாகவே தெரியும். அச்சுப் பிழை அல்ல.

வீட்டு வாசல் கணக்கு வேறு. கேஎல் சென்ட்ரலிலிருந்து விரைவு ரயிலில் கே.எல்.ஐ.ஏ.வின் முதல் முனையத்துக்கு 28 நிமிடம், இரண்டாவதுக்கு 33. பை ஒப்படைக்கும் முகப்பு பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடும். பாயான் லெப்பாஸிலிருந்து ஜார்ஜ்டவுன் 16 கிலோமீட்டர். தொழிற்சாலைகள் விடும் மாலை வேளையில் அதற்கே ஒரு மணி ஒதுக்குங்கள். மொத்தம் நான்கு மணி நேரம் ஆகிவிடும், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்துக்கு இடிஎஸ் மின்ரயிலும் ஏறத்தாழ அவ்வளவுதான். கேஎல் சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்கு ரயிலே மேல். நீலாய், பந்திங் பக்கம் இருந்தால் கே.எல்.ஐ.ஏ., ஷா ஆலம், கிள்ளான் என்றால் சுபாங்.