உதவித்தொகைப் பிரச்சினையை எம்.எல்.ஏ.விடம் கொண்டுபோகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

மாற்றுத்திறனாளி உதவித்தொகை திடீரென்று நின்றுபோனாலோ, விண்ணப்பித்து மாதக்கணக்கில் பதிலே வராமல் போனாலோ, மதுரைப் பக்கம் நம் ஆட்கள் எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குத்தான் ஓடுகிறார்கள். ஓடட்டும், அதில் தப்பில்லை. ஆனால் அங்கே என்ன கேட்பது என்று தெரியாமல் போனால் ஒரு சிபாரிசுக் கடிதத்தோடு திரும்பி வருவோம், அந்தக் கடிதத்தால் ஒரு வீட்டுக்கு வேலை முடியலாம், அதே தாலுகாவில் அதே காரணத்துக்காகப் பணம் நின்ற மற்ற வீடுகளுக்கு ஒன்றும் ஆகாது. சட்டமன்ற உறுப்பினருக்கு இருக்கும் பெரிய அதிகாரம் கடிதம் கொடுப்பது இல்லை. இந்தத் திட்டத்தை அரசு எப்படி நடத்துகிறது என்று பேரவையில் எழுந்து கேட்கலாம், கேட்டால் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். அந்த அதிகாரத்தை நமக்குப் பயன்படாமல் செய்வது பெரும்பாலும் நாம் எழுதும் மனுதான்.

மக்கள் கொடுக்கும் மனுக்களை விசாரிக்கும் எம்.எல்.ஏ.க்கள் குழுவான சட்டமன்ற மனுக்கள் குழு விஷயத்தில் இது நன்றாகத் தெரியும். குழு ஒரு மாவட்டத்துக்கு வருவதற்கு முன் மனுக்கள் வரவேற்கப்படுவதாக ஆட்சியர் அலுவலகத்திலிருந்து செய்தி வரும், பேப்பரிலும் போடுவார்கள். தமிழில் எழுதி ஐந்து நகல் கொடுக்க வேண்டும், தேதியும் கையெழுத்தும் வேண்டும், ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, அதுவும் ஒரே துறையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். இதுவரை எல்லோரும் படித்துவிடுகிறார்கள். அதற்குக் கீழே இருக்கும் வரிகளைத்தான் விட்டுவிடுகிறார்கள்: தனிநபர் குறை, நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கு, வேலைவாய்ப்பு, முதியோர் ஓய்வூதியம், பட்டா, அரசின் நலத்திட்ட உதவி, வங்கிக் கடன் இதையெல்லாம் கேட்கும் மனுவைக் குழு எடுத்துக்கொள்ளாது. “எனக்கு 75 சதவீதம் ஊனம், உதவித்தொகை வழங்க வேண்டுகிறேன்” என்று ஐந்து நகல் எழுதிக் கொடுத்தால், அந்தக் கோரிக்கை எவ்வளவு நியாயமாக இருந்தாலும், வாசலிலேயே நின்றுவிடும். அந்தத் தனி மனுவுக்கு இடம் வேறு. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து, மனு எண் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் நடக்காவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் இருக்கிறார்.

சரி, குழுவுக்கு எதை எழுதுவது? ஒரு உதாரணம் சொல்கிறேன். கிராமங்களில் வங்கி முகவர் கையில் கருவியோடு வந்து, பயனாளியின் கைரேகையை வைக்கச் சொல்லிப் பணம் கொடுப்பார். தொழுநோயால் விரல் குறைந்தவர், பக்கவாதத்தில் விரலை நிமிர்த்த முடியாதவர், கல்லும் மண்ணும் தூக்கி ரேகை தேய்ந்த கை, இவர்களுக்கெல்லாம் ரேகை பதியாது. இந்த விரலை வை, அந்த விரலை வை, ஈரத்தைத் துடைத்துவிட்டு வை என்று எல்லாம் பார்த்துவிட்டு, “அடுத்த மாசம் பாப்போம்” என்று முகவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார். பணம் கணக்கில்தான் இருக்கிறது, கைக்கு வரவில்லை. இதை ஒருவருடைய கஷ்டமாக எழுதினால் தனிநபர் குறை. “எங்கள் வட்டத்தில் ரேகை பதியாத பயனாளிகளுக்கு மாற்று வழி நடைமுறையில் இல்லை, இன்ன இன்ன ஊர்களில் இத்தனை பேர் இத்தனை மாதமாகப் பணம் எடுக்க முடியவில்லை” என்று எழுதினால் பொதுப் பிரச்சினை. ஊர் ஊராகப் போய் எண்ணும் வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

அடுத்து, துறையை மாற்றி எழுதுவது. இதுவும் அடிக்கடி நடக்கிறது. மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் என்பது வருவாய்த்துறை வழியாக வருவது, தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் பார்க்கிறார். பராமரிப்பு உதவித்தொகை வேறு, கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், தசைச்சிதைவு நோய் உள்ளவர்கள் போன்றோருக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை கொடுப்பது. ஊரில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான், “ஊனமுற்றோர் பணம்”. பேரவையில் இரண்டும் வெவ்வேறு மானியக் கோரிக்கையில் (ஒவ்வொரு துறையும் தன் செலவுக்குப் பேரவையிடம் பணம் கேட்பது) வருகின்றன. தவறான துறையின் பெயரில் கேள்வி போனால் “இது எங்கள் துறையைச் சார்ந்தது அல்ல” என்று பதில் வரும், அந்தக் கூட்டத்தொடரும் போய்விடும். பாஸ்புக்கையும் அனுமதி ஆணையையும் பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.

மத்திய அரசு பங்கைப் பற்றிக் கேட்க வேண்டும் என்றால் எம்.எல்.ஏ.விடம் கேட்டுப் பயனில்லை, எம்.பி.தான் கேட்க முடியும். இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டத்தில், வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருந்து 80 சதவீதம் பாதிப்பு உள்ள 18 முதல் 79 வயதுக்காரருக்கு மத்திய அரசு தருவது மாதம் 300 ரூபாய். 2012-இல் 200 ரூபாயை 300 ஆக்கினார்கள், அதற்கப்புறம் விலைவாசி எங்கோ போய்விட்டது. இந்தத் தொகையை உயர்த்தச் சொல்லி ஊரக வளர்ச்சிக்கான நாடாளுமன்ற நிலைக்குழு திரும்பத் திரும்பப் பரிந்துரைத்திருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டியே உங்கள் எம்.பி.யைக் கேட்கச் சொல்லலாம். ஆனால் யார் உங்கள் எம்.பி. என்று முதலில் பாருங்கள். மதுரை மாவட்டம் என்பதால் மதுரை எம்.பி. என்று நினைத்துவிடக் கூடாது. திருமங்கலமும் திருப்பரங்குன்றமும் விருதுநகர் மக்களவைத் தொகுதி, உசிலம்பட்டியும் சோழவந்தானும் தேனி.

கேள்வியை எப்படி அமைப்பது என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. “உதவித்தொகையை உயர்த்த அரசு முன்வருமா?” என்று கேட்டால் “நிதிநிலைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும்” என்று ஒரே வரியில் பதில் முடிந்துவிடும். அதற்குப் பதிலாக, மேலூர் வட்டத்தில் சென்ற நிதியாண்டில் வந்த விண்ணப்பங்கள் எத்தனை, அனுமதித்தது எத்தனை, நிராகரித்தது எந்தெந்தக் காரணத்துக்கு எத்தனை, மறு ஆய்வில் பணம் நிறுத்தப்பட்டவர்களுக்கு முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்தார்களா என்று கேட்கச் சொல்லுங்கள். இதற்கு எண்ணால்தான் பதில் சொல்ல முடியும், அந்த எண்ணை வைத்துத் துணைக் கேள்வி எழுப்பலாம். உறுப்பினருக்கு இதைத் தயார் செய்ய ஆள் இருக்காது. நீங்களே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு தாலுகா அலுவலகத்துக்கு விண்ணப்பித்து, 30 நாளில் வரவேண்டிய பதிலை வாங்கிக் கையில் கொடுத்தால் அவருக்கும் பேசத் தெம்பு வரும்.

அமைச்சர் “ஆவன செய்யப்படும்” என்று சொன்னதும் கைதட்டிவிட்டு மறந்துவிடுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. பேரவையில் அமைச்சர் கொடுக்கும் வாக்குறுதிகள் நிறைவேறினவா என்று பார்க்கவே அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. என்ன சொன்னார், எந்தத் தேதியில் சொன்னார் என்று நடவடிக்கைக் குறிப்பிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த கூட்டத்தொடரில் அதையே கேட்கச் சொல்லுங்கள்.

தொகையைப் பற்றிப் பேசும்போது சட்டத்தைத் தப்பாகச் சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, மற்றவர்களுக்கான அதே மாதிரித் திட்டத்தைவிட மாற்றுத்திறனாளிக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரியில் 1,000-த்திலிருந்து 1,500 ஆனது, அதே ஆண்டு ஆகஸ்டில் முதியோர் ஓய்வூதியம் 1,200 ஆனது. 1,200-க்கு 25 சதவீதம் கூட்டினால் சரியாக 1,500. ஆக, 2023-இல் வந்த தொகையை வைத்து “சட்டத்தை மீறிவிட்டார்கள்” என்று பேசினால் ஒரு நிமிடத்தில் வாயை அடைத்துவிடுவார்கள். அதே பிரிவு போதுமான வாழ்க்கைத்தரம் என்றும் சொல்கிறதே, அதைப் பிடியுங்கள். 2024-இல் பக்கத்து ஆந்திராவில் 3,000-த்தை 6,000 ஆக்கினார்கள், அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

தணிக்கை அறிக்கை விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். தேசிய சமூக உதவித் திட்டம் பற்றிய சி.ஏ.ஜி. (அரசின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் தலைமைத் தணிக்கையாளர்) அறிக்கை 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது, அதில் 2.83 கோடி ரூபாயை வேறு திட்டங்களின் விளம்பரத்துக்குத் திருப்பிவிட்டதாக இருக்கிறது. இது முதியோர், கைம்பெண்கள், மாற்றுத்திறனாளிகள் எல்லோருக்குமான மொத்தத் திட்டத்தின் பணம். வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி “ஊனமுற்றோர் பணத்தைச் சாப்பிட்டார்கள்” என்று மேடையில் பேசினால், உண்மையான குற்றச்சாட்டும் சேர்ந்து பலம் இழக்கும்.

இன்னொன்று, இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். மனுவோடு ஆதார் நகல், மருத்துவச் சான்று, குழந்தையின் போட்டோ எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி ஊர் முழுக்கக் கொடுக்காதீர்கள். எத்தனை பேர், எந்த ஊர், எத்தனை மாதம் என்பது போதும். பெயர் போடுவதாக இருந்தால் அவரிடமே கேட்டுவிட்டுப் போடுங்கள், அறிவுசார் குறைபாடு உள்ளவராக இருந்தாலும் அவருக்குப் புரியும்படி சொல்லிக் கேளுங்கள்.

கடைசியாக, நேரம். கேள்விக்கு முன்கூட்டியே அறிவிப்பு கொடுத்தால்தான் எடுப்பார்கள். பட்ஜெட் கூட்டத்தொடரில் மானியக் கோரிக்கை நடக்கும் நாளில் போய் நின்றால் உறுப்பினர் நினைத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. பட்ஜெட் கூட்டத்தொடருக்கு ஒன்றிரண்டு மாதம் முன்னாலேயே, எண்களோடு, ஒரே பக்கத்தில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள்.