மலையில் இருப்பவர் டைவிங் சாமான் வாங்கும்போது

கொடைக்கானலில் டைவிங் சாமான், அதாவது சிலிண்டர் காற்றைச் சுவாசித்துக்கொண்டு கடலுக்கடியில் போவதற்கான சாமான், வைத்திருக்கிறேன் என்றால் உடனே வரும் கேள்வி, "எவ்வளவு ஆச்சு?" கேட்கட்டும். எனக்குக் கவலை தருவது, புதிதாகக் கற்றுக்கொண்டவர்கள் தேவையில்லாததற்கு அள்ளிக் கொடுத்துவிட்டு, உயிர் காக்கிற இடத்தில் கையை இறுக்கிக்கொள்வதுதான்.

பயிற்சி முடிந்த வேகத்தில் முழு செட்டும் வாங்கிவிடாதீர்கள். மலையிலிருந்து வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் கடலுக்கு இறங்குவோம். காற்று சிலிண்டர், மூழ்க உதவும் ஈய வெயிட், சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டர் எல்லாம் டைவ் சென்டரிலேயே வாடகைக்குக் கிடைக்கும். சொந்த ரெகுலேட்டர் பீரோவில் சும்மா கிடந்தாலும், தயாரிப்பாளர் சொன்ன கெடுவில் சர்வீஸ் செய்தாக வேண்டும். அதைச் செய்யாமல் யாரோ விற்கிறார்கள் என்று பழையதை மலிவாக வாங்கி அப்படியே கடலில் இறங்குவது இன்னும் மோசம்.

முதலில் வாங்க வேண்டியது மாஸ்க். மூக்கை மூடாத நீச்சல் கண்ணாடி ஆழத்தில் உதவாது. மூக்கால் ஊதி உள்ளே அழுத்தத்தைச் சமன் செய்ய வழியில்லாமல் கண்ணில் ரத்தம் கட்டிவிடும். ஸ்ட்ராப் போடாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல உறிஞ்சுங்கள். கையை எடுத்தும் விழாமல் நின்றால் அது உங்கள் முகத்துக்குச் சரி. விலை அப்புறம்.

குளிருக்குப் பழகிய நாம் வெட்சூட்டை, அதாவது தண்ணீரில் உடம்புச் சூட்டைக் காக்கும் ரப்பர் உடையை, தடிமனாகக் கேட்கிறோம். நம் கடல் பெரும்பாலும் 27, 28 டிகிரி. 3 மில்லிமீட்டர் போதும். பனிமூட்டத்தில் காயாது, பூஞ்சை பிடிக்கும் என்று ஹீட்டர் பக்கத்தில் மட்டும் தொங்கவிடாதீர்கள், ரப்பர் கெட்டுவிடும். காற்றோட்டமான நிழலே போதும்.

பணம் இருந்தால் டைவ் கம்ப்யூட்டருக்குக் கொடுங்கள்; ஆழத்தையும் நேரத்தையும் வைத்துக் கணக்குப் போடும், கையில் கட்டுகிற கருவி அது. "கூட வருகிறவர் கையில் இருக்கிறதே" என்பார்கள். அவர் போன ஆழம் வேறு, நீங்கள் போன ஆழம் வேறு; ஆழத்தின் அழுத்தத்தில், சுவாசிக்கும் காற்றிலிருந்து உங்கள் உடம்பில் கரைந்த நைட்ரஜன் கணக்கை அவர் கம்ப்யூட்டர் சொல்லாது.

மலைக்காரர்களுக்கு அந்தக் கணக்கு கடலை விட்டு வெளியே வந்த பிறகும் முடிவதில்லை. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, கிட்டத்தட்ட பறக்கும் விமானத்துக்குள் இருப்பதைப் போல. காலையில் ராமேஸ்வரத்தில் டைவ் செய்துவிட்டு, லாட்ஜ் வாடகை மிச்சம் என்று இரவுக்குள் மலைப்பாதையில் பெருமாள்மலை தாண்டி ஏறிவிட்டால், கரைந்த நைட்ரஜன் குமிழாகி மூட்டு வலி, மரத்துப்போதல் என்று தொடங்கலாம். பயண அலுப்பு என்று தைலம் தேய்த்துப் படுத்துவிடுவோம். ஆக்சிஜன் கொடுத்து, அழுத்த அறையில் வைத்துச் செய்ய வேண்டிய சிகிச்சை அது. டைவ் முடிந்து விமானம் ஏறும்வரை காத்திருக்கச் சொல்லும் விதியையே மலைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரே ஒரு சாதாரண டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம். நான் 24 விடுகிறேன்.

அதனால் சாமான் செலவை எழுதும்போதே மதுரையில் ஒரு ராத்திரி ரூம் வாடகையையும் ஒரு நாள் லீவையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.