மடக்குக் கத்திக்குச் சின்னத் திருப்புளி வாங்குவது எப்படி?

கிருஷ்ணகிரியில் ஹார்டுவேர் கடைக்குப் போய் "ஸ்டார் திருப்புளி கொடுங்க" என்று கேட்டால் பிளஸ் முனை உள்ளதைத்தான் எடுத்து வைப்பார்கள். கடைக்காரர் மேல் தப்பில்லை. நம் பக்கம் ஸ்டார் என்றால் பிளஸ், பட்டை என்றால் மைனஸ். ஆனால் இப்போது வரும் மடக்குக் கத்திகளில் பெரும்பாலும் இருப்பது டார்க்ஸ் திருகு. அதன் தலையில் ஆறு இதழ்ப் பூ மாதிரி ஒரு குழி இருக்கும். பிளஸ் முனை அதற்குள் ஓரளவு நுழையும், கொஞ்சம் பிடிப்பது போலவும் தெரியும். ஆபத்தே அங்கேதான்.

எங்களுக்குக் கொஞ்சம் மாந்தோப்பு இருக்கிறது. காம்பு நறுக்க, சணல் அறுக்க, கன்றுக்கு ஒட்டுக் கட்ட, மத்தியானம் ஒரு பெங்களூரா பழத்தைக் கீறித் தின்ன என்று மடக்குக் கத்தி சட்டைப் பையிலேயே கிடக்கும். சில வருடங்களுக்கு முன்னால் என் கத்தியைப் பையில் மாட்டி வைக்கும் கிளிப் ஆட ஆரம்பித்தது. கையில் கிடைத்த பிளஸ் முனையை வைத்து அழுத்தித் திருகினேன். மூன்று சுற்றில் ஆறு இதழும் வழித்துக்கொண்டு போய் வெறும் வட்டக் குழி மிஞ்சியது. அந்தச் சின்னத் திருகு தனியாக எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. சரியான திருப்புளி வாங்க அன்றைக்கு நூறு ரூபாய் போதுமாக இருந்திருக்கும். புதிதாகக் கத்தியைக் கழற்றிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு அந்தத் திருகின் கதி வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், உங்கள் கத்தியில் திருகு இருக்கிறதா?

சிரிக்க வேண்டாம், இதைப் பார்க்காமல் திருப்புளி வாங்கியவர்களை எனக்குத் தெரியும். விக்டோரினாக்ஸ் சுவிஸ் கத்திகள் ரிவிட் அடித்தவை. ஓபினெல் மரப்பிடிக் கத்தியிலும் திருகு கிடையாது, கழுத்தில் சுற்றும் வளையம்தான் உண்டு. சந்தூர் பக்கம் நாற்றுப்பண்ணைகளில் ஒட்டுக் கட்ட வைத்திருக்கும் மடக்குக் கத்திகளிலும் ரிவிட் அடித்ததே அதிகம். சமையல்கட்டுக் கத்தியும் பெரும்பாலும் அப்படித்தான். இவற்றுக்குத் திருப்புளி தேவையே இல்லை. துடைத்து, எண்ணெய் விட்டு, சாணை பிடித்தால் போதும்.

திருகு இருந்தால் மூன்று இடத்தில் பாருங்கள்: கிளிப், பிடியின் ஓரங்கள், தகடு திரும்பும் மூட்டு.

குழியைச் சுத்தம் செய்யுங்கள்

அளவு பார்ப்பதற்கு முன்பே இது. நம் ஊர்க் கத்திகளில் மாம்பால் வடிந்து, அதன் மேல் புழுதி ஒட்டி, திருகுக் குழிக்குள் கறுப்பாக இறுகிக் கிடக்கும். வெளியே பார்த்தால் குழி ஆழமாகத்தான் தெரியும், ஆனால் அடியில் பாதி அடைத்திருக்கும். முனை முழுதாக இறங்காமல் மேல் விளிம்பை மட்டும் பிடிக்கும், அப்புறம் வழுக்கும்.

ஊசி முனையால் ஆறு இதழையும் தனித்தனியாகச் சுரண்டுங்கள். மெடிக்கலில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை நனைத்துத் தேயுங்கள். நகப்பூச்சு அழிக்கும் திரவம் வேண்டாம், அதில் அசிட்டோன் இருந்தால் சில பிளாஸ்டிக் பிடிகள் வெளுத்து இளகிவிடும்.

அளவைக் கண்டுபிடியுங்கள்

டார்க்ஸ் முனைகளுக்கு எண் உண்டு. மடக்குக் கத்தியில் அடிக்கடி வருவது மூன்று: டி6, டி8, டி10. பொதுவாகக் கிளிப்பில் டி6, பிடியில் டி6 அல்லது டி8, மூட்டில் டி8 அல்லது டி10. எதிரெதிர் இதழ்களுக்கு இடையே அளந்தால் டி6 முனை 1.7 மில்லிமீட்டர், டி8 சுமார் 2.3, டி10 சுமார் 2.7. டி7 என்று ஒன்று நடுவில் இருக்கிறது, அது 2 மில்லிமீட்டர். டி6க்கும் டி7க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும்.

அதனால் எப்போதும் பெரிய முனையிலிருந்து சின்ன முனைக்கு இறங்கி வாருங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். சின்ன முனை எந்தக் குழியிலும் போகும். டி5 முனை டி6 குழிக்குள் அழகாக இறங்கும், திருகும்போது இதழ்களை மழித்துவிடும். பெரியது போகவே போகாது. எனவே முதலில் டி10 வைத்துப் பாருங்கள், நுழையாவிட்டால் அடுத்தது. எது முழு ஆழத்துக்கு இறங்கும் மிகப் பெரிய முனையோ அதுதான் உங்கள் அளவு.

சரியான முனை குழியில் நட்டு வைத்தது போல நிற்கும். விரலால் லேசாக அசைத்தால் கத்தி அசையுமே தவிர முனை ஆடாது.

ஆலன் கீயை, அதாவது எல் வடிவில் வளைந்த அறுகோணக் கம்பியை, டார்க்ஸ் குழியில் போடாதீர்கள். அதுவும் நுழையும், அதுவும் வழிக்கும். விலை குறைந்த சில கத்திகளில் நிஜமாகவே ஆறு பட்டை ஆலன் திருகு வரும். அதற்கு மட்டும் ஆலன்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்றால், டார்க்ஸ் அமைப்பே அப்படி. பிளஸ் முனையின் பக்கங்கள் சரிவானவை, திருகும் விசை கூடினால் முனை தானாக மேலே ஏறி வெளியே வந்துவிடும். 1967இல் அமெரிக்காவின் காம்கார் டெக்ஸ்ட்ரான் நிறுவனம் கொண்டுவந்த டார்க்ஸில் பக்கச் சுவர்கள் செங்குத்து. சரியான அளவு உட்கார்ந்தால் வெளியே தள்ளாது, திருகும் விசை அப்படியே திருகுக்குப் போகும். அளவு தப்பினால் அந்த நன்மை முழுதும் போச்சு.

கடையில் என்ன வாங்குவது

நூற்றுப் பதினைந்து முனைப் பெட்டியைக் காட்டுவார்கள். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். நான் வாங்கவேண்டாம் என்பேன். கத்திக்கு அதில் தேவைப்படுவது மூன்று அல்லது நான்கு முனை. அதே விலைக்கு அவ்வளவு முனைகளைத் தரவேண்டும் என்றால் ஒவ்வொன்றிலும் இரும்பின் தரத்தைக் குறைத்துத்தான் தரமுடியும். அந்தக் காசுக்கு நல்ல முனை மூன்று வாங்கலாம்.

என் கணக்கு இது: டி6 ஒன்று, டி8 இரண்டு, டி10 ஒன்று, சின்ன பிளஸ் ஒன்று. டி8 ஏன் இரண்டு? மூட்டுத் திருகு பல கத்திகளில் இரண்டு பக்கமும் தலை உள்ளது. ஒரு பக்கம் திருகினால் மறு பக்கமும் கூடவே சுற்றும். இரண்டு பக்கமும் பிடித்தால்தான் கழலும். ஒவ்வொரு அளவிலும் ஒரே ஒரு முனை உள்ள பெரிய பெட்டி வாங்கியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். உங்கள் கத்தியின் மூட்டு டி10 என்றால் அதில் இரண்டு வாங்குங்கள். எல்லாம் சேர்த்து 400 ரூபாயைத் தாண்ட வேண்டியதில்லை.

செட்டாக வாங்குவதானால் 4 மில்லிமீட்டர் அடிப்பாகம் உள்ள சின்ன முனைகள் வரும் வகையைக் கேளுங்கள். ஒரு முனை உடைந்தாலும் தனியாக வாங்கிப் போடலாம். டிரில்லில் மாட்டும் 6.35 மில்லிமீட்டர் வகை வேண்டாம். அதன் தடித்த கைப்பிடியில் கை தாராளமாகப் பிடிக்கும், சின்னத் திருகின் கழுத்தையே முறித்துவிடும். மெல்லிய கைப்பிடி கொஞ்சம் சிரமப்படுத்தும், அந்தச் சிரமம்தான் பாதுகாப்பு.

கைப்பிடியின் உச்சியில் தனியாகச் சுழலும் தொப்பி இருக்கவேண்டும். ஆள்காட்டி விரல் தொப்பியின் மேல், கட்டைவிரலும் நடுவிரலும் கைப்பிடியில், உள்ளங்கையின் ஓரம் மேசை மேல். வாட்ச் ரிப்பேர் செய்யும் பெரியவர்கள் எப்படிப் பிடிக்கிறார்கள் என்று ஒரு நாள் நின்று கவனியுங்கள். எனக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு வாட்ச் கடையில் அப்படித்தான் பழக்கம் வந்தது.

முனையில் எஸ்2 என்று பொறித்திருந்தால் நல்லது. அது அதிர்வையும் முறுக்கையும் தாங்கும் எஃகு வகை. குரோம் வனேடியமும் வீட்டு வேலைக்குப் போதும். ஆனால் பொறிப்பை மட்டும் நம்பாதீர்கள், எழுத்து யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். முனையை வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள். ஆறு விளிம்பும் கூர்மையாகத் தெரியவேண்டும். கறுப்புப் பூச்சு தடித்து விளிம்பு மழுங்கலாக இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

முனையின் நடுவே துளை உள்ள வகையும் பெட்டியில் இருக்கும். நடுவில் முள் உள்ள பாதுகாப்புத் திருகுக்கானது அது. சாதாரண டார்க்ஸிலும் பொருந்தும், ஆனால் துளை இருப்பதால் சுவர் மெல்லிசு. டி6 அளவில் அது சீக்கிரம் உடையும். துளையில்லாததையே கேளுங்கள்.

எங்கே தேடுவது? பெரிய ஹார்டுவேர் கடையைவிடச் செல்போன், கம்ப்யூட்டர் சர்வீஸ் பொருட்கள் விற்கும் கடைகளில் சின்ன டார்க்ஸ் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் இதழை எண்ணுங்கள். ஐபோனின் அடியில் இருக்கும் திருகுக்கான முனைக்கு ஐந்து இதழ், நமக்கு வேண்டியது ஆறு. ஓசூர் பக்கம் போகிறவர்களுக்கு இன்னும் நல்லது, தொழிற்சாலைகளுக்குக் கருவி விற்கும் கடைகளில் ஒற்றை ஒற்றையாகவே எடுக்கலாம். கத்தியை மடக்கிக் கையோடு கொண்டுபோங்கள், கடைக்காரரிடம் சொல்லிவிட்டு அங்கேயே வைத்துப் பாருங்கள்.

வீட்டில் ஒரு சோதனை

முனையின் பக்கவாட்டில் சின்ன அரத்தை லேசாக இழுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் நன்றாகச் சூடேற்றிப் பதப்படுத்திய முனை. வெண்ணெயில் போவது போல அரம் இறங்கினால் மென்மையான இரும்பு, முதல் இறுக்கமான திருகிலேயே முறுக்கிக்கொள்ளும். திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கழற்றும் நாள்

புதுக் கத்தியாக இருந்தால் உத்தரவாதச் சீட்டைப் படியுங்கள். சில கம்பெனிகள் கழற்றினால் உத்தரவாதம் இல்லை என்கின்றன. அப்புறம் தகட்டின் கூரில் காகித டேப்பைச் சுற்றுங்கள். வெள்ளைத் துண்டை விரித்து அதன் மேல் வேலை செய்யுங்கள், விழும் திருகு உருளாது. ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், வாஷர் எந்தப் பக்கம் என்று பிறகு நினைவு வராது.

முனையை நேராக நிறுத்தி, நன்றாகக் கீழே அழுத்தி, மெதுவாக இடப்புறம் திருகுங்கள். வரவில்லை என்றால் பலம் கூட்டாதீர்கள். தொழிற்சாலையில் திருகு மரையில் நீலப் பசை போட்டிருப்பார்கள். சால்டரிங் அயர்ன் முனையைத் திருகுத் தலையில் மட்டும் இருபது முப்பது வினாடி வைத்து எடுங்கள், பசை இளகும். சூடு ஆறும் முன் திருகுங்கள். பிடியில் படக்கூடாது.

திரும்பப் போடும்போது முதலில் இடப்புறமாகவே மெல்லச் சுற்றுங்கள். மரை மரையில் விழும் ஒரு சின்ன "டக்" விரலுக்குத் தெரியும். அதன் பிறகு வலப்புறம். மூட்டை இறுக்கும்போது எட்டில் ஒரு பங்கு சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் போகாதீர்கள். இறுக்கி, தகட்டைத் திறந்து மூடி, பக்கவாட்டில் ஆடுகிறதா என்று பார்த்து, மறுபடி கொஞ்சம். தகடு ஆடாமலும் இருக்கவேண்டும், தடங்கலில்லாமல் திரும்பவும் வேண்டும். பழம் அறுக்கும் கத்தி என்றால் மூட்டுக்கு மெடிக்கலில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் நாளாக நாளாகப் பிசுபிசுக்கும்.

தலை ஏற்கனவே வழிந்துவிட்டதா?

இன்னும் வழி இருக்கிறது. டி6 வழிந்திருந்தால் டி7 முனையை வைத்துச் சின்னச் சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டுங்கள், புதிய இதழ் பதியும். சால்டரிங் சூடும் கொடுத்து ஒரே மூச்சில் திருகுங்கள். அதுவும் பிடிக்காவிட்டால் மெல்லிய அரத்தால் தலையின் குறுக்கே ஒரு வெட்டுப் போட்டு, பட்டை முனையால் எடுக்கலாம். என் கத்தியில் கடைசியில் அதைத்தான் செய்தேன். அந்தக் கிளிப்பில் இப்போது இரண்டு டார்க்ஸ் திருகும் ஒரு பட்டைத் திருகும் இருக்கின்றன. மூன்றும் இறுக்கமாக நிற்கின்றன.