பாரதியின் புதுவை வாழ்க்கையை எழுதப் போகிறவருக்கு

கவிதைகளை முதலில் ஓரமாக வையுங்கள், பத்திரிகைக்காரரைத் தேடுங்கள். 1908இல் பிரிட்டிஷ் கைதுக்குத் தப்பி, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவைக்குப் போனார். ‘இந்தியா’ வார இதழும் பின்னாலேயே போனது. அதன் தொகுப்பு கிடைத்தால் தலையங்கத்தோடு நிறுத்தாதீர்கள், கேலிச்சித்திரங்களையும் பாருங்கள். பிழை திருத்தியே காலம் கழித்த எனக்கு அவைதாம் விருந்து.

அடுத்து, இதழுக்குப் பிரிட்டிஷ் அரசு போட்ட தடையை விரிவாக எழுதுங்கள். அச்சகம் எல்லைக்கு இந்தப் பக்கம், வாசகர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கம். பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் இதழ் நுழைய முடியாமற்போனால் என்ன மிஞ்சும்? 1910இல் ‘இந்தியா’ நின்றது. பிந்தைய ஆண்டுகளை ‘வறுமை’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள், எரிச்சலாக இருக்கிறது. ஈசுவரன் தர்மராஜா கோவில் தெரு நினைவில்லத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள்.

புதுவையை விட்டு வெளியேறியதும் நேர்ந்த 1918 நவம்பர் கைதுக்கு ஒரு பத்தி போதும். முற்றுப்பெறாத ‘சந்திரிகையின் கதை’யைக் கடைசியில் படியுங்கள், நாவலாசிரியர் அங்கே இருக்கிறார்.