பெருந்தமனி அறுவைக்குப் பின் குரல் போனால்: வீட்டில் செய்யக் கூடாதவை

இதயத்திலிருந்து ரத்தத்தை எடுத்துச் செல்லும் பெருந்தமனியில் பெரிய அறுவை முடித்து, சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ ஊர் திரும்பியவரைப் பார்க்கச் சொந்தபந்தமெல்லாம் வரும். அவர் பேசினால் காற்றுதான் வருகிறது, குரல் இல்லை. "குழாய் வச்சிருந்தாங்கல்ல, தொண்டை கட்டியிருக்கும், தானா சரியாயிடும்" என்று யாராவது சொல்வார்கள். வென்டிலேட்டர் குழாயால் வரும் கரகரப்பு பெரும்பாலும் சில நாட்களில் தெளிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் தமனியின் வளைவில் கைவைத்த அறுவை என்றால், தொண்டையைக் காரணம் சொல்லிவிட்டுச் சும்மா இருப்பதுதான் முதல் தவறு.

இடது குரல் நாணை அசைக்கும் நரம்பு நேராகக் குரல்வளைக்குப் போவதில்லை. கழுத்தைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கி, பெருந்தமனி வளைவின் அடியில் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறுகிறது. வலப்பக்க நரம்பு அவ்வளவு ஆழம் இறங்காமல், வலது கைக்குப் போகும் தமனியைச் சுற்றியே திரும்பிவிடும். வளைவில் அறுவை செய்தால் இடது நாண் செயலிழப்பது அதனால்தான். வீங்கிய தமனியை எடுத்துவிட்டுச் செயற்கைக் குழாய் தைக்கும்போது நரம்பு இழுபடலாம், நசுங்கலாம். தமனிச் சுவரோடு ஒட்டிக் கிடந்தால் அறுபடவும் செய்யலாம். கவனமான கைகளிலும் இது நடக்கும். கோபப்படுவதில் பயனில்லை. "நரம்பு கண்ணுக்குத் தெரிந்ததா? அறுபடாமல் இருக்கிறதா?" என்று சர்ஜனிடம் கேட்டு, பதிலை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்குங்கள். பின்னால் வரும் முடிவுகள் பலவும் அந்தப் பதிலைப் பொறுத்தவை.

பேசும்போதும் விழுங்கும்போதும் இரண்டு நாண்களும் சேர்ந்து மூட வேண்டும். மதகின் இரண்டு பலகைகளில் ஒன்று இறங்காமல் நின்றுவிட்டால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும். பேசினால் காற்று ஒழுகும், விழுங்கினால் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் ஒழுகும். எல்லாரும் குரலை நினைத்துத்தான் வருத்தப்படுகிறார்கள். உயிருக்கு ஆபத்து இரண்டாவது ஒழுக்கில் இருக்கிறது. நுரையீரலுக்குள் இறங்கிய தண்ணீரும் பருக்கையும் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். பலமாக இருமி வெளியே தள்ளவும் அதே நாண்கள்தான் மூட வேண்டும் என்பதால், இருமலும் வலுவில்லாமல் போகிறது.

எங்கள் டெல்டாப் பக்கம் பெரியவர்கள் தண்ணீர் குடிப்பதைப் பாருங்கள். சொம்பை வாயில் வைக்க மாட்டார்கள். தலையை நன்றாகப் பின்னால் சாய்த்து, அண்ணாந்து, கடகடவென்று ஊற்றிக்கொள்வார்கள். சுத்தத்துக்கு நல்ல வழக்கம். இந்த நோயாளிக்கு இதைவிட மோசமான முறை இல்லை. தலை பின்னால் சாயும்போது மூச்சுப்பாதை திறந்து கிடக்கிறது, தண்ணீரோ வாய் பிடித்து நிறுத்துவதற்குள் உள்ளே இறங்கிவிடுகிறது. நிமிர்ந்து உட்கார்ந்து, டம்ளரில் வாய் வைத்து, ஒவ்வொரு மடக்காகத்தான் குடிக்க வேண்டும். மோவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்துவதா, தலையைச் செயலிழந்த பக்கம் திருப்பி விழுங்குவதா என்பதை விழுங்குதல் பயிற்சி தருகிற ஸ்பீச் தெரபிஸ்ட் பார்த்துச் சொல்வார். ஒருவருக்குச் சரியாக வருவது இன்னொருவருக்கு வராது.

புரையேறினால் "யாரோ நினைக்கிறாங்க" என்று உச்சந்தலையில் தட்டி, இன்னொரு மடக்குத் தண்ணீர் கொடுப்பதும் நம் பழக்கம். அதுவும் வேண்டாம். இருமி முடிக்கட்டும், அதுவரை வாயில் எதுவும் கொடுக்காதீர்கள். இருமலே வராமல் சத்தமில்லாமல் உள்ளே இறங்குவதும் உண்டு. சாப்பிட்டதும் குரலில் கொளகொளப்பு, சளி கூடுதல், திரும்பத் திரும்பக் காய்ச்சல் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று சாப்பாடு. 'உடம்புக்கு முடியாதவர்' என்று நீர்த்த கஞ்சி, ரசம் சாதம், நீராகாரம் கொடுப்பார்கள். தண்ணியாக இருப்பதுதான் வேகமாக உள்ளே ஓடும். ரசம் சாதத்தில் பருக்கையும் நீரும் கலந்திருப்பதால் அது இன்னும் சிரமம். நன்றாக மசித்த தயிர்சாதம், கெட்டியான கேழ்வரகுக் கூழ் போன்றவை பலருக்கு எளிதாக இறங்கும்.

கைமருந்து விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. குரல் போனதும் வீட்டில் அதிமதுரம் வந்துவிடும். தொடர்ந்து சாப்பிட்டால் அதிமதுரம் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். தமனியில் தையல் போட்டவருக்கு ஏறக் கூடாததே அழுத்தம்தான். செயற்கை வால்வு வைத்து, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வேறு மூலிகைகளாலும் ரத்தம் உறையும் அளவு மாறலாம். அசையாத நரம்பைக் கஷாயம் எதுவும் அசைக்கப் போவதில்லை.

கிசுகிசுத்துப் பேசினால் தொண்டைக்கு ஓய்வு என்பதும் சரியில்லை, அதில் இறுக்கம்தான் கூடும். கத்தவும் வேண்டாம். மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசினால் போதும்.

அப்புறம், ஆறு மாதம் பார்க்கலாம் என்று சும்மா உட்கார்ந்துவிடுவது. நரம்பு தானாகத் தேற 6 முதல் 12 மாதம் வரை ஆகலாம், சிலருக்குத் தேறாமலும் போகலாம். அதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. தஞ்சாவூர், திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டு, "ஈ" என்று இழுக்கச் சொல்வார்கள். ஒரு நாண் நகர, மற்றது அப்படியே நிற்பது திரையில் தெரிந்துவிடும். புரையேற்றம் இருந்தால், செயலிழந்த நாணை நடுப்பக்கம் தள்ளிவைக்க, கொஞ்ச காலத்தில் கரைந்துபோகும் ஊசியைச் சீக்கிரமே போடலாம். நரம்பு தேறவில்லை என்று உறுதியானபின் கழுத்து வழியாகச் சின்னத் துண்டு ஒன்றை வைத்து நாணை நடுப்பக்கம் தள்ளும் நிரந்தர அறுவை, தைரோபிளாஸ்டி. நரம்பு அறுந்தது உறுதி என்றால் அத்தனை மாதம் காத்திருக்கத் தேவையில்லை. எந்த ஊசிக்கும் முன்னால் வார்ஃபரின் சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். அதை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

மூச்சு இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வந்தால் இரண்டு நாண்களும் பாதிக்கப்பட்டிருக்கலாம். அப்போது தெரபிஸ்டையோ அப்பாயின்ட்மென்டையோ தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அறுவையே செய்யாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெருந்தமனி வளைவில் வீக்கம் இருந்தால், அதுவே நரம்பை அழுத்திக் குரலைக் கெடுக்கும். ரத்த அழுத்தம் உள்ளவர், புகைப்பிடிக்கிறவர் யாருக்காவது மூன்று வாரம் தாண்டியும் குரல் கம்மியே இருந்தால் தொண்டையைப் பார்க்கச் சொல்லுங்கள். நாண் அசையவில்லை என்று தெரிந்தால் நெஞ்சுக்கும் சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும்.