கமுக்கமான காரியங்களைக் கன்டனீஸில் சொல்வது எப்படி

ஹாங்காங்கில் ஒரு விவகாரம் மறைவாக நடந்தது என்று சொல்ல வரும்போது, அது வெறும் கமுக்கமா, முறைகேடா, குற்றமா என்பதை முதலில் முடிவுசெய்துகொள்ள வேண்டும். அங்கே பேசப்படும் சீன மொழி வகையான கன்டனீஸில் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் உண்டு. மாற்றிப் போட்டால் வீண்பழி சுமத்தியதாகிவிடும்.

சத்தமில்லாமல் நடந்ததைச் சொல்ல 'ஜிங் கை கை' போதும். எழுத்துக்கு எழுத்துப் பார்த்தால் 'அமைதி, கோழி, கோழி'. 'கோய் ஜிங் கை கை ஜௌ ஜோ' என்றால் அவர் யாருக்கும் தெரியாமல் கிளம்பிவிட்டார் என்று பொருள். அதில் குற்றச்சாட்டு எதுவுமில்லை. கோழிக்கான 'கை' உயர்ந்த சமத்தொனியில் ஒலிக்க வேண்டும்; தொனி இறங்கினால் அது 'கணக்கிடு' என்ற வேறு சொல்லாகிவிடும். தமிழ் எழுத்து இந்த வேறுபாட்டைக் காட்டாது என்பதால், காதால் கேட்டுப் பழகுவதே வழி. 'குவை குவை ஷ்யூ ஷ்யூ' என்னும்போது பேயும் எலியும் சேர்ந்துகொள்கின்றன, கூடவே சந்தேகமும்.

முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்பதே வெளியில் தெரியாமல் மூடுமந்திரமாக இருந்தால், செய்தித்தாள் நடையில் 'ஹக் ஸொங் ஜொக் யிப்', அதாவது கறுப்புப் பெட்டி வேலை. நேர்முகத் தேர்வுக்கு முன்பே ஆளை முடிவுசெய்துவிட்டார்கள் என்றால் 'நொய் டிங்'. பொதுச்சொத்தைத் தங்களுக்குள் கொடுத்து வாங்கிக்கொண்டதைக் கண்டிக்க 'ஸீ ஸொங் ஸௌ ஸௌ' என்ற பழஞ்சொல் இன்றும் வழக்கில் உண்டு.

'டொய் டை' என்பது நேராகவே 'மேசைக்கு அடியில்'. பணம் கைமாறியதாகச் சொல்வதால் ஆதாரமின்றிப் பயன்படுத்தக் கூடாது. 'வை பியூ' அதைவிடக் கனமானது. போட்டியாளர்கள் முன்கூட்டியே பேசிவைத்து ஒப்பந்தப்புள்ளி கொடுப்பதைக் குறிக்கும் இச்சொல், பழைய அடுக்குமாடிக் கட்டடங்களின் பராமரிப்புப் பணிகளை ஒட்டி அடிக்கடி காதில் விழும். 2015 டிசம்பர் 14 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்த போட்டிச் சட்டத்தின்படி இது சட்டமீறல்.

பணத்துக்குத் தெருவழக்கில் 'ஸோய்', அதாவது தண்ணீர். 1974இல் ஊழல் தடுப்பு ஆணையம் அமைவதற்கு முந்தைய காலத்தில், தீயணைக்க வந்தவர்கள் 'தண்ணீர்க் காசு' கைக்கு வந்த பிறகே குழாயைத் திறந்தார்கள் என்ற பேச்சு இன்றும் உண்டு. அந்த ஆணையம் ஒருவரை விசாரணைக்கு அழைப்பதற்கு 'யம் கா ஃபே', காப்பி குடிப்பது, என்பது பேச்சுவழக்கு. அலுவலகத்தில் இது காதில் விழுந்தால், எந்தக் கடையில் என்று கேட்டுவிடாதீர்கள்.